சம்பந்தி வீட்டுப் பின்சக்கரம்

திருவாரூருக்குக் கிழக்கே மலை என்று ஏதாவது உண்டென்றால், அது அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கும் நெல்தான். அந்தச் சீமையில் மலையேறுகிற சைக்கிள் வைத்திருக்கும் ஒரே ஆள் ஆலடிச்சேரி வேம்பு. தடித்த டயர், பின்னால் அடுக்கடுக்காகப் பல்சக்கரம், முன்னால் குதிக்கிற ஸ்பிரிங். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, சைக்கிள் பாரில் கயிற்றால் கட்டிய மண்வெட்டி. இந்தக் கோலத்தில் அவள் வாய்க்கால் கரையில் வருவதைப் பார்த்தால் நண்டுகூட வளைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஆசைப்பட்டு வாங்கிய சைக்கிள் அல்ல. அவள் மகள் செம்மொழி திருவாரூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, வடக்கத்திப் பெண் ஒருத்தி ஊருக்குத் திரும்புகையில் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போனது. கல்யாணமாகி மகள் புருஷன் வீட்டுக்குப் போனாள், சைக்கிள் அம்மாவிடம் தங்கிவிட்டது. தங்கியது நல்லதாகப் போயிற்று. நாலு தூறல் விழுந்தால் எங்கள் கரை அரைத்த உளுந்து மாவு. ஸ்கூட்டி உட்கார்ந்துவிடும். மோட்டார் சைக்கிள் படுத்துவிடும். அந்தத் தடித்த டயர் மட்டும் சேற்றைக் கடித்துக்கொண்டு போகும்.

வேம்புவின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். ஒன்றரை ஏக்கர் அவர் பேருக்குப் பட்டாவான அன்று வயலில் படுத்து உருண்டார் என்பார்கள். தாசில்தார் கையெழுத்தைக் கண்ணால் பார்த்தது போதாமல் முதுகாலும் சரிபார்த்திருக்கிறார். அந்த நிலம்தான் இப்போது வேம்புவுக்கு. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு உழுவதும் நடுவதும் காவல் காப்பதும் அவள் ஒருத்திதான். நிலம் இருப்பது கடைமடை. கடைமடைக்காரி என்றால் என்ன அர்த்தம்? மேலே இருக்கிறவன் குளித்து, மாட்டைக் குளிப்பாட்டி, மனம் இரங்கினால் மிச்சம் வருகிற தண்ணீருக்குக் காத்திருப்பவள்.

இந்தச் சண்டை வேண்டாமென்றுதான் எங்கள் வாய்க்காலில் முறை வைத்திருக்கிறார்கள். யார் வயலுக்கு எந்த நாள், எந்த வேளை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கூடவே ஒரு கட்டு உண்டு. முறை வருகிற வேளையில் நிலத்துக்காரரோ அவர் வீட்டு ஆளோ மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த முறை அடுத்த வயலுக்குப் போய்விடும். காய்ச்சல், கல்யாணம், சாவு, எதற்கும் விலக்கு இல்லை. வேம்பு தன் கணவரின் பதினாறாம் நாள் காரியத்தை அரைகுறையாக விட்டுவிட்டு மடைக்கு ஓடியவள். இறந்தவரே எழுந்து வந்து, "நீ போ, நான் பிண்டத்தைப் பார்த்துக்கிறேன்" என்று சொன்னதாக ஊரில் பேச்சு. நான் மறுக்கவில்லை.

வேம்புவுக்கு அடுத்த வயல் இராஜாங்கத்தினுடையது. முக்கூட்டு ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவள் எப்போது தவறுவாள் என்று பார்த்திருப்பதே அவருக்கு இரண்டாவது தொழில். அவர் தன் மகன் பகலவனை மடைக்குக் காவல் வைப்பார். அவர் மகனை நம்பாத வேம்பு, தன் மகள் செம்மொழியைக் காவல் வைப்பாள். ஒருவர் தண்ணீரை இன்னொருவர் திருடாமல் இருக்க நிறுத்திய இரண்டு பிள்ளைகளும் தண்ணீரைப் பார்த்த நேரம் கொஞ்சம். கடைசியில் தாலி கட்டி வைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வேம்புவும் இராஜாங்கமும் சம்பந்திகள்.

அதுதான் பெரிய கொடுமை. முன்பெல்லாம் கரையில் நின்று ஒருவர் பாட்டன் பூட்டனை இன்னொருவர் கிழித்து வெயிலில் காயப் போடலாம். சம்பந்தியான பிறகு "ங்க" போடாமல் வாய் திறக்க முடியாது. கையை நீட்டக்கூடாது, வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது, கொடுத்ததை மறுக்கக்கூடாது. அவர்கள் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்வதைக் கேட்டால் பக்கத்தில் இருக்கும் பால் திரிந்துவிடும்.

சரி, பின்சக்கரத்துக்கு வருவோம்.

வேம்பு முன் பிரேக்கைத் தொட மாட்டாள். ஒருமுறை தொட்டு, தலைகுப்புறத் தாமரைக் குளத்துக்குப் போய் வந்தவள். அதனால் எந்த வேகத்துக்கும் பின் பிரேக்தான். வாய்க்கால் மணல் ஈரத்தோடு பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு, பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் உப்புத்தாள் போலப் பின் ரிம்மை அராவியது. ரிம்மின் பக்கச்சுவர் பழைய தோசைக்கல் மாதிரி குழிந்துபோயிற்று. "அம்மா, இது வெடிக்கும்மா" என்று செம்மொழி பலமுறை சொன்னாள். "உன் மாமனார் வயிறு வெடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள் வேம்பு.

அது வெடித்தது ஆயுத பூஜையன்று காலையில்.

அந்த வருஷம் மழை பிந்திவிட்டது. முந்தின இரவு விழுந்த தூறல் கரையைச் சேறாக்கப் போதும், வயலுக்குத் தொண்டை நனையக்கூடக் காணாது. வேம்புவின் சம்பாப் பயிர் வேர் பிடிக்கிற நேரத்தில் வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அன்று உச்சிக்கால மணி அடிக்கும்போது அவள் முறை. அதை விட்டால் அடுத்த முறை வருவதற்குள் பயிர் வைக்கோலாகிவிடும், அதுவும் மாடு தின்னாத வைக்கோல். பூஜைக்குப் பொரிகடலை வாங்கிக்கொண்டு அப்படியே மடைக்குப் போகலாம் என்று முக்கூட்டு ரோட்டுக்கு வந்தவள், ஒரு நாய்க்காகப் பின் பிரேக்கை அழுத்தினாள். ரிம் பிளந்தது, டியூப் கிழிந்தது. அந்தச் சத்தத்தில் பறந்த கொக்குகள் நாகப்பட்டினம் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பின. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

கடை பத்தடி தூரத்தில். கடைவாசலில் இராஜாங்கம்.

"வாங்க சம்பந்தி, வாங்க. பண்டிகையும் அதுவுமா நம்ம வீட்டுக்கு நடந்தே வந்துட்டீங்க."

"பின் வீலு போயிருச்சுங்க. ஒண்ணு மாட்டிக் குடுங்க."

"மாட்டிட்டாப் போச்சு. அதோ தொங்குது பாருங்க, அளவெடுத்துத் தச்ச மாதிரி. பல்லு, ஹப்பு எல்லாம் புதுசு. உங்க சக்கரம்னே நெனச்சுக்குங்க." அவர் முகம் அப்படியே சோகமாக மாறியது. "ஆனா பாருங்க, ஸ்பேனரெல்லாம் பூஜையில இருக்கு. இன்னைக்கி அம்பாள் கிட்டேருந்து எடுக்கலாமா? நாளைக்கி விஜயதசமி. காலையில எடுத்து முதல் வேலையா உங்களுக்குத்தான்."

கடையும் வீடும் ஒட்டியவை. நடுக்கூடத்தில் படத்தின் முன்னால் வாழையிலையில் வரிசை வரிசையாக ஆயுதங்கள். குறடு, ஸ்பேனர், சுத்தியல், காற்றுப் பம்பு, அரிவாள், கடப்பாரை, அரிவாள்மணை, செம்மொழியின் லேப்டாப். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய், சந்தனம், குங்குமம். தொங்குகிற புதுச் சக்கரத்துக்கும் அப்படியே. ரிம் முழுக்க நல்லெண்ணெய் தடவி, பொட்டு வைத்து, புதுப்பெண் மாதிரி பளபளவென்று. வருஷா வருஷம் கடையிலுள்ள எல்லாவற்றுக்கும் அவர் எண்ணெய் பூசுவார். மறுநாள் துடைத்துவிட்டுத்தான் விற்பார்.

"உக்காருங்க. பொரி எடுத்துக்குங்க. சுண்டல் வெந்துக்கிட்டிருக்கு. இலை போட்டுச் சாப்பிட்டுத்தான் போகணும்."

"மடைக்குப் போகணுங்க."

"முறை எங்க போயிருது? இந்தத் தடவை இல்லாட்டி அடுத்த தடவை. சாப்பாட்ட வேண்டாம்னா சாமிக்கே ஆகாது."

கரை வழியே நடந்து போனால் உச்சி தாண்டிவிடும். சேற்றில் வேறு வண்டி ஓடாது. அவருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் தட்டில் பொரியை அவ்வளவு தாராளமாக அள்ளி வைத்தார். வேம்பு ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தாள். அம்பாளைத்தான் பார்க்கிறாள் என்று இராஜாங்கம் நினைத்தார்.

"எல்லா ஆயுதமும் வச்சிருக்கீங்க. மம்பட்டியக் காணுமேங்க?"

இராஜாங்கம் ஒரு கடலையை உரித்தார். "சாணை பிடிக்கக் குடுத்திருக்கு."

"ஆயுத பூஜையன்னிக்கா? எந்தப் பட்டறைங்க தொறந்திருக்கு?"

இராஜாங்கம் பொரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மாப்பிள்ளை எங்கங்க?"

"உள்ள தூங்குறான். ராத்திரியெல்லாம் கடைக்குத் தோரணம் கட்டினான்."

சமையலறை வாசலில் கரண்டியோடு செம்மொழி நின்றாள். அம்மா முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். வேம்புவுக்குப் புரிந்துவிட்டது. மருமகன் மண்வெட்டியோடு மடையில் நிற்கிறான். மணி அடித்ததும் வெட்டிவிடுவான். இங்கே மாமியாருக்கு இலை போட்டு, அங்கே அவள் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

வேம்பு எழுந்தாள். படத்தின் முன்னால் போய் நின்று கும்பிட்டாள். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இராஜாங்கம் பாய்ந்து வந்தார்.

"சம்பந்தி! பூஜையில இருக்கிறதத் தொடுறீங்க!"

"உங்க மம்பட்டிக்கு இல்லாத விரதம் இந்த ஸ்பேனருக்கு எதுக்குங்க? அம்பாள் கோவிச்சா முதல்ல மடைக்குப் போவா. அங்கேருந்து இங்க வந்து சேர நேரமாகும், நான் அதுக்குள்ள மாட்டிருவேன்."

அவள் கையிலிருந்து அவர் அதைப் பிடுங்கியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் பிடுங்கியிருப்பார். சம்பந்தி கையைத் தொட்டால் அதற்குப் பிறகு ஊரில் தலை காட்ட முடியாது. அதனால் வாயால் மட்டும் சண்டை போட்டார்.

வேம்பு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு நட்டில் ஸ்பேனரை மாட்டினாள்.

"அது இடது மரைங்க. எதிர்ப்பக்கம் சுத்துங்க" என்றார் இராஜாங்கம், குரலில் தேன் ஒழுக.

அவள் எதிர்ப்பக்கம் சுற்றினாள். நட்டு இன்னும் இறுகியது. கை நரம்பு புடைத்தது.

"ரெண்டு பக்கமும் நேர் மரைதாம்மா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"செம்மொழி, பாலு பொங்குது பாரு" என்றார் மாமனார்.

"இன்னைக்கிப் பாலே வாங்கலீங்க மாமா."

நட்டு கழன்றது. பழைய சக்கரத்திலிருந்து டயரைப் பெயர்த்து, கடையிலிருந்தே எடுத்த புது டியூபை உள்ளே வைத்து, புது ரிம்மில் பூட்டுவதற்குள் வேம்புவின் நகம் இரண்டு போயிற்று. எண்ணெய் ரிம் பிடிக்கப் பிடிக்க வழுக்கியது. குங்குமம் அவள் கையெல்லாம் ஒட்டி, கோழி அறுத்தவள் மாதிரி இருந்தாள். துடைக்க நேரம் ஏது? காற்றடிக்கப் பம்பு கேட்டாள்.

"பம்புல வாசர் போயிருச்சுங்க. இல்லாட்டி நானே அடிச்சுக் குடுக்க மாட்டேனா?"

செம்மொழி கரண்டியைக் கீழே வைத்தாள். பேசாமல் வந்தாள். பூஜையிலிருந்த பம்பை எடுத்தாள், சந்தனத்தோடு மாட்டினாள், அடித்தாள். டயர் கல்லாக இறுகியது. வாசருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இராஜாங்கம் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் சுண்டல் இன்னொரு தரம் வெந்திருக்கும்.

"மருமக பொறந்த வீட்டுக்குத்தான் வேலை பாக்குறா."

"வந்தவங்களுக்கு ஒத்தாசை பண்ணணும்னு நீங்கதான மாமா சொல்லுவீங்க" என்றாள் அவள். அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சக்கரம் சட்டத்துக்குள் போக மறுத்தது. ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் வெளியே வந்தது. வேம்பு அதைத் திட்டினாள். சக்கரம் சம்பந்தி இல்லையே, அதனால் பல நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் மரியாதை இல்லாமல் அதன் மேல் கொட்டினாள். யாருக்குச் சொல்கிறாள் என்று இராஜாங்கத்துக்குப் புரிந்தது. அவர் காது சிவந்தது.

"பிரேக் கம்பியக் கழட்டி விடும்மா, கட்டை அகலும். செயினச் சின்னப் பல்லுல போடு. இப்ப இழு" என்றாள் செம்மொழி.

சக்கரம் உள்ளே போய் உட்கார்ந்தது. நட்டை முறுக்கினாள், கம்பியை மறுபடி மாட்டினாள், சைக்கிளை நிமிர்த்தினாள்.

"வரட்டுங்களா சம்பந்தி? நாளைக்கி வந்து கணக்கு முடிக்கிறேன்."

"இலை போட்டிருக்குங்க."

"அது வாடாம பாத்துக்குங்க."

அவள் கிளம்பியதும் இராஜாங்கமும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் விரட்டினார். பூஜைக்காகக் கழுவிப் பொட்டு வைத்த வண்டி. கரையில் ஏறி இரண்டு தென்னை மரம் தாண்டுவதற்குள் பின்சக்கரம் முட்டி வரை புதைந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் ஓடி வந்தார். ஓடுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. எதிரியின் மேல் இருக்கிற பாசம் உறவுக்காரர் மேல் வராது.

மடை இருப்பது மதகுப் பாலத்தைத் தாண்டி ஒரு சரிவின் அடியில். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மடை, ஒன்று வேம்புவுக்கு, ஒன்று இராஜாங்கத்துக்கு. இரண்டும் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்திருந்தன. தன் மடைமேல் பகலவன் மண்வெட்டியோடு நின்றான். மதகில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் மருதையன் பலகையைத் தூக்கத் தயாராக நின்றார். மருதையன் பொதுப்பணித்துறை ஆள், இரண்டு பக்கமும் அவரைத் திட்டுவார்கள். அதனால் யார் பக்கமும் சாயாதவர்.

சிவன் கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்தது. மருதையன் பலகையைத் தூக்கினார். "வேம்பு வீட்டு ஆள் இருக்கா?" என்று முறைப்படி கூவினார். பகலவன் தன் மாமியார் வரவில்லையே என்று சந்தோஷப்பட்டானா, வருத்தப்பட்டானா என்று அவன் பெண்டாட்டியைத் தவிர வேறு யாருக்கும் அவன் சொன்னதில்லை. மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினான்.

பாலத்தின் உச்சியில் வேம்பு தெரிந்தாள்.

சரிவில் இறங்கும்போது பின் பிரேக்கை அழுத்தினாள். சைக்கிள் கேட்கவில்லை. இன்னும் அழுத்தினாள். எண்ணெய் பூசிய ரிம்மைப் பிரேக் கட்டை தடவிக் கொடுத்ததே தவிர பிடிக்கவில்லை. முன் பிரேக் பக்கம் விரல் போயிற்று, தாமரைக் குளம் நினைவுக்கு வந்தது, விரல் திரும்பி வந்தது. அந்தச் சரிவில் அவள் போன வேகத்துக்கு அவள் நிழல் மூன்று வயல் பின்னால் வந்தது என்று மருதையன் சொல்கிறார். அரசாங்க ஊழியர், பொய் சொல்ல மாட்டார்.

"ஒதுங்குங்க மாப்பிள்ளை!"

அந்த நிலையிலும் "ங்க" போட்டாள். மாப்பிள்ளையும் மரியாதை தெரிந்தவன். ஓடினால் மாமியாரைக் கண்டு ஓடியதாகிவிடும் என்று நின்றான். சைக்கிள், மாமியார், மாப்பிள்ளை, மண்வெட்டி இரண்டு, எல்லாமாக வாய்க்காலுக்குள் போயின. தண்ணீர் எழும்பிக் கரையில் நின்ற மருதையனின் சட்டைப்பையில் ஒரு கெளுத்திக் குஞ்சு விழுந்தது.

முதலில் எழுந்தவள் வேம்பு. மூக்குத்தி வழியே தண்ணீர் ஒழுகியது, முழங்கை கிழிந்திருந்தது. மூழ்கிய சைக்கிளின் பாரைத் தடவி, முடிச்சை அறுத்துத் தன் மண்வெட்டியை எடுத்தாள். தன் மடைமேல் ஏறி நின்றாள்.

"இருக்கேன்!" என்று கூவினாள்.

அதற்குள் இராஜாங்கமும் வந்து சேர்ந்தார். இடுப்பு வரை சேறு. "மணி அடிச்சு முடிஞ்சிருச்சு! என் மகன் முன்னாடியே நின்னான். மருதையன், நீங்க நியாயத்தச் சொல்லுங்க!"

மருதையன் இரண்டு மடையையும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த கெளுத்தியைத் தண்ணீரில் விட்டார். "முதல் வெட்டு விழலைங்க. வெட்டு விழுறதுக்கு முன்னாடி முறைக்காரங்க வந்துட்டா அவங்களுக்குத்தான். உங்க அப்பா காலத்துலேருந்து அதான வழக்கம்?"

"என் கடை வீல்ல வந்து என் தண்ணியப் பிடிக்கிறாங்க! இது அடுக்குமா?"

"நீங்க நல்லெண்ணெய் தடவி வச்சீங்களே, அந்தப் புண்ணியம் சம்பந்தி" என்றாள் வேம்பு. "பிரேக்கு பிடிச்சிருந்தா அந்த மேட்டுலயே நின்னிருப்பேன். உங்க மகன் வெட்டி முடிச்சிருப்பாரு."

ரிம்மில் எண்ணெய் இருந்தது தனக்கு மறந்துவிட்டது என்று இராஜாங்கம் இன்றுவரை சொல்கிறார். மறந்திருக்கலாம். கழுத்து முறியட்டும் என்று விட்டிருக்கலாம். அவரிடமே கேட்டேன். ஒரு தட்டு பொரி கொடுத்தார்.

வேம்பு வெட்டினாள். முதல் வெட்டில் மண் பெயர்ந்தது, இரண்டாவதில் வைக்கோல் விலகியது. தண்ணீர் உள்ளே போய் முதல் வெடிப்பில் விழுந்து காணாமல் போயிற்று. அடுத்த வெடிப்பிலும் அப்படியே. வயல் குடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது பாளத்தில்தான் ஒரு பயிரின் அடி மினுமினுத்தது. வேம்பு அதைப் பார்த்தபடி மடைமேல் உட்கார்ந்தாள்.

இராஜாங்கம் போகவில்லை. தன் மடைமேல் எதிரே உட்கார்ந்தார். அவள் கண் அசந்தால், ஒரு நிமிஷம் எழுந்து போனால், ஆள் இல்லை என்று கூவிவிடலாம். அவளுக்கும் அது தெரியும். பகலவன் இருவருக்கும் நடுவில் நிற்க இடம் இல்லாமல் சைக்கிளை வாய்க்காலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். புதுச் சக்கரம் நேராகத்தான் இருந்தது, முன்சக்கரம்தான் முறுக்குப் பிழிந்த மாதிரி ஆகிவிட்டது.

"முன் வீலும் மாத்தணும் போல இருக்கே சம்பந்தி" என்றார் இராஜாங்கம் திருப்தியாக.

"மாத்திருவோம். உங்க கடைதான இருக்கு."

வெயில் சாய்கிற வேளையில் செம்மொழி தூக்குவாளியில் சுண்டல் கொண்டு வந்தாள். ஒரே ஒரு இலை. வந்தவருக்கு முதலில் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்தக் கரையில் யார் வந்தவர், யார் வீட்டுக்காரர்? அவள் மாமனார் முகத்தைப் பார்த்தாள்.

இராஜாங்கம் இலையை வாங்கினார். இரண்டு கையாலும் எதிர்ப்பக்கம் நீட்டினார்.

"சாப்பிடுங்க சம்பந்தி. கையக் கழுவிட்டு வந்து நிதானமா சாப்பிடுங்க. மடைய நான் பாத்துக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

வேம்பு உட்கார்ந்த இடத்திலிருந்தே குனிந்து மடைத் தண்ணீரில் வலது கையைக் கழுவினாள். மண்வெட்டியை இடது கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, கழுவிய கையை இலைக்கு நீட்டினாள்.